லோக்கலுக்குப் பசிக்கவில்லை

செங்கம் சாலையில் ஆசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்தால், வேணுவின் டீக்கடையை ஒட்டி ஒரு மஞ்சள் பலகை தொங்கும். எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.சி.ஓ. என்று எழுதியிருக்கும். அந்த டெலிபோன் பூத்துக்கு முதலாளி, கணக்குப்பிள்ளை, கூட்டிப் பெருக்குகிறவள், கூட்டம் சேர்ந்தால் அதட்டுகிறவள் எல்லாமே மணிமொழிதான். தொண்ணூற்றாறாம் வருஷம் அவளுக்கு இருபத்தாறு வயது.

அடி அண்ணாமலையில் பிறந்தவள். சின்ன வயதில் வந்த காய்ச்சல் இடது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போனது. அந்தக் காலில் இரும்புக் கம்பி வைத்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸிலிருந்து டக்கு டக்கென்று அவள் இறங்கி வரும் சத்தம் கேட்ட பிறகுதான் வேணு அடுப்பில் பாலை வைப்பான். ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் பூத் கிடைத்தபோது, "நீ நடந்து கிழிச்சது போதும், உக்காந்து மத்தவங்களப் பேச வையின்னு கவர்மென்ட்டே சொல்லிடுச்சு" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் காலைப் பார்த்ததும் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, கடிதம் போடுகிறோம் என்று எழுந்து போவார்கள். அம்மா ராணியம்மாள் அடுப்படியில் மூக்கைச் சிந்துவாள். "பஜ்ஜியில ஒரு கொறையும் சொல்லலியே, அது வரைக்கும் சந்தோஷப்படு" என்று மகள் மிச்சமிருக்கும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

இப்படிப்பட்ட வாயாடி ஒரு பல்லிக்குஞ்சுக்காகக் கண் கலங்கினாள் என்றால் செங்கம் சாலையில் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் கலங்கினாள். அதற்கு முன்னால் அந்தப் பல்லியின் அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பூத் சுவரில், கட்டணம் எழுதிய பலகைக்குப் பின்னால் ஒரு பெரிய பல்லி குடியிருந்தது. எதிரே கண்ணாடிக் கேபினுக்குள் நின்று பேசுகிறவர் "எல்லாம் நல்லபடியா முடியும்" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் அது ச்சு ச்சு ச்சு என்றால் போதும், பேசியவர் முகம் மலர்ந்துவிடும். கண்ணாடியில் விரல் முட்டியால் மூன்று தட்டு தட்டிவிட்டு, "கேட்டியா, பல்லியே சொல்லிடுச்சு!" என்று அந்தப் பக்கம் இருப்பவருக்கும் சேதி சொல்லிவிடுவார். பல்லி சொன்னபிறகு அப்பீல் ஏது? பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்த ஜனம் வழியில் இருக்கும் மற்ற பூத்துகளை விட்டுவிட்டு இங்கே வந்து வரிசையில் நின்றது. கேபின் கதவு சரியாகச் சாத்தாது என்பதை ஒருவரும் குறையாகச் சொன்னதில்லை. கதவு சாத்தினால் பல்லி சொல்வது எப்படிக் கேட்கும்?

ஆடி மாதத்தில் அந்தப் பல்லி காணாமல் போனது. பூனையோ காக்கையோ, யார் கண்டது. அதே வாரம் போனில் கரகரப்பு என்று லைன்மேன் இளஞ்செழியன் வந்து, சுவரில் இருக்கும் ஒயர்ப்பெட்டியைத் திறந்தான். உள்ளே பட்டாணி அளவில் இரண்டு வெள்ளை முட்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. விரல் பட்டு ஒன்று உடைந்துவிட்டது. அந்த ஆறடி ஆள் அதற்கு முழித்த முழியைப் பார்க்க வேண்டுமே! இன்னொன்றைச் சுரண்டி எடுத்து, மணிமொழியின் உள்ளங்கையில் வைத்தான்.

"ஏங்க, இதக் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்றான்.

சந்தைக்குப் போகிற புருஷன் பிள்ளையைக் கையில் கொடுத்துவிட்டுப் போவதுபோல அவன் அதைச் சொன்னதை நினைத்து நினைத்து அவள் அன்றைக்கு முழுவதும் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். முட்டையைத் தீப்பெட்டியில் பஞ்சு வைத்து, பில் போடும் மெஷினின் மேல் வைத்தாள். அந்த மெஷின் எப்போதும் வெதுவெதுவென்று இருக்கும்.

அதற்கப்புறம் இளஞ்செழியன் அடிக்கடி வந்தான். லைன் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கத்தான். லைன் நன்றாகத்தான் இருந்தது. அவனுக்குக் கேபிளைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேச வராது. எந்தக் கம்பத்தில் தண்ணீர் இறங்குகிறது, எந்தத் தெருவில் எலி கடிக்கிறது என்று அவன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருப்பான். கண் மட்டும் தீப்பெட்டியின் மேல் இருக்கும். சில சமயம் தீப்பெட்டியின் மேலும் இருக்காது. அதை வேணு கவனித்துவிட்டு டீயில் சர்க்கரையை இரண்டு தரம் போட்டான்.

ஆவணியில் குஞ்சு வெளியே வந்தது. வெளிர் உடம்பு, உடம்புக்கு மீறிய கண். வயிற்றுத் தோல் எவ்வளவு மெல்லிசு என்றால் தின்ற கொசு உள்ளே கறுப்புப் புள்ளியாகத் தெரியும். எஸ்.டி.டி. என்று பெயர் வைக்கச் சொன்னான் வேணு.

"இது இந்தச் செவுத்த வுட்டு எந்த வெளியூருக்குப் போவப் போவுது? லோக்கல்னு கூப்புடு" என்றாள் மணிமொழி.

லோக்கல் பலகைக்குப் பின்னால் குடியேறியது. மணிமொழி மெஷினின் மேல் விரலை வைத்தால் இறங்கி வந்து நகத்தின் மேல் ஏறி நிற்கும். எல்லாம் சரி, ஆனால் அதற்குச் சத்தம் வராது. குஞ்சுதானே!

ஒரு பௌர்ணமி மாலை, மகளின் நிச்சயதார்த்தம் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஒரு ஆள், "நடக்கும்ங்க, கட்டாயம் நடக்கும்" என்று சொல்லிவிட்டுப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றான். லோக்கல் அவனைத் திருப்பிப் பார்த்தது. அவன் கண்ணில் தண்ணீர் கட்டியது. மணிமொழிக்கு மனசு கேட்கவில்லை. குனிந்து பில்லைக் கிழிப்பதுபோல முகத்தை மறைத்துக்கொண்டு, நாக்கை அண்ணத்தில் ஒட்டி எடுத்தாள். ச்சு ச்சு ச்சு.

அந்த ஆள் கண்ணாடியே உடையும்படி தட்டினான்.

அன்றிலிருந்து அவளால் நிறுத்த முடியவில்லை. யார் முகம் வாடியிருக்கிறதோ அவர்களுக்கு ஒரு ச்சு ச்சு ச்சு. பெரிய கோபுர வாசல் பக்கம் குடியிருக்கும் ஏகாம்பரநாதன் குருக்கள், பம்பாயில் வேலை பார்க்கும் மகன் விஸ்வநாத்துக்குப் போன் போட வாரத்துக்கு இரண்டு முறை வருவார். "உனக்குப் பிரமோஷன் ஆயிடும்டா" என்று அவர் சொன்னபோதும் லோக்கல் சொல்லிற்று. பிரமோஷன் ஆயிற்று. குருக்கள் அடுத்த நாளே விபூதியும் ஊதுவத்திக் கட்டும் கொண்டுவந்துவிட்டார்.

"இத்துனூண்டு இருந்துண்டு என்ன சாரீரம் பாரேன்! இது சாதாரணப் பல்லி இல்லே, குழந்தே. சாயங்காலம் சாயங்காலம் ரெண்டு வத்தி ஏத்தி வை."

ஒருவர் ஏற்றினால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? வேலை கிடைத்தவன், கடன் அடைந்தவன், மாமியார் ஊருக்குப் போனவள் என்று ஆளுக்கு இரண்டு வத்தி. பலகைக்குக் குங்குமப் பொட்டு, ஒரு முழம் பூ. ஐப்பசி பிறந்தபோது பூத்துக்குள் ஒரு கொசு கிடையாது, விளக்கைச் சுற்ற ஒரு பூச்சி கிடையாது. "லோக்கல் வந்த நேரம் கொசுகூட அண்ட மாட்டேங்குது" என்று மணிமொழி பெருமையாக வேறு சொன்னாள்.

அப்போதுதான் லோக்கல் சாப்பிடுவதை நிறுத்தியது.

முதலில் வயிற்றுக் கறுப்புப் புள்ளி மறைந்தது. பிறகு வால் நூலாக இளைத்தது. பலகைக்குப் பின்னால் ஏறக்கூட முடியாமல், மெஷினின் மேல் ஒரு டப்பா மூடிக்குள் சுருண்டு கிடந்தது. விரலை வைத்தால் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி கவிழ்த்துக்கொள்ளும். செங்கம் சாலை முழுக்க வைத்தியர்கள் கிளம்பினார்கள். வேணு பால் ஏட்டைக் கொண்டுவந்தான். குருக்கள் தயிர்சாதத்தை நன்றாக மசித்துக் கொடுக்கச் சொன்னார்.

"சாமி, அது பல்லிங்க."

"பல்லின்னா என்ன? எங்காத்துப் பல்லியெல்லாம் சுத்த சைவம், தெரியுமோ?"

"உங்க ஊட்டுப் பல்லி நீங்க தூங்கினப்புறம் இன்னா சாப்புடுதுன்னு எழுந்து பாத்தீங்களா?"

குருக்கள் யோசனையோடு போய்விட்டார்.

கடைசியில் ராணியம்மாளே களத்தில் இறங்கினாள். பல்லி என்றால் முகத்தைச் சுளிக்கிறவள்தான், ஆனால் தன் கையில் சாப்பிட மாட்டேன் என்று ஒரு உயிர் சொல்வதை அவளால் பொறுத்துக்கொள்ள முடியாது. வீட்டு மாட்டுக்கொட்டகையில் ஈ அடித்து எடுத்துவந்தாள். அதை அப்படியே போடலாமா? நெத்திலி ஆய்வதுபோல ஒவ்வொன்றாக இறக்கையைக் கிள்ளி, காலைக் கிள்ளி, தண்ணீரில் அலசினாள். வாழையிலையில் விரலளவு கிழித்து, தண்ணீர் தெளித்து, டப்பா மூடியில் போட்டு, ஈக்களை வரிசையாகப் பரிமாறினாள்.

"சாப்புடு ராசா, அம்மா முள்ளெல்லாம் எடுத்துட்டேன்."

லோக்கல் இலையைத் தாண்டி நடந்துபோய் மெஷினின் சூட்டில் படுத்துக்கொண்டது.

"விருந்துல கொறை இருக்குதும்மா. பஜ்ஜி போடலியே" என்றாள் மணிமொழி. சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை, கண் கலங்கிவிட்டது.

காரணம் அவளுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தாள். பேச வராத உயிரின் பேரில் அவள் பொய் பேசியிருக்கிறாள். எத்தனை கல்யாணம், எத்தனை வேலை, எத்தனை சமாதானம்! எல்லாவற்றுக்கும் இந்தக் குஞ்சைச் சாட்சியாக நிறுத்தினாள். அவள் வாய்க்கு மலை போட்ட தண்டனையை இது வயிற்றில் வாங்கிக்கொண்டு கிடக்கிறது. இனி சொல்ல மாட்டேன், சத்தியமாகச் சொல்ல மாட்டேன் என்று மலையைப் பார்த்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கையோடு, அதற்கு நல்லது என்று நினைத்து, இன்னும் இரண்டு ஊதுவத்தியை ஏற்றி வைத்தாள்.

வேறு யாரிடம் சொல்வது? ரிசீவரை எடுத்து டெலிபோன் ஆபீசுக்குப் போன் போட்டு, லைன் வேலை செய்யவில்லை என்று கம்ப்ளெயின்ட் கொடுத்தாள். வேலை செய்யாத லைனில் எப்படிப் பேசுகிறாய் என்று அந்தப் பக்கம் கேட்காமல் விட்டதே அதிசயம்.

சாயங்காலம் சைக்கிளில் ஏணியோடு இளஞ்செழியன் வந்து சேர்ந்தபோது கேபினுக்குள் குருக்கள் பம்பாயோடு பேசிக்கொண்டிருந்தார். விஸ்வநாத் கார்த்திகை தீபத்துக்கு லீவு கிடைக்காது என்கிறானாம். இவரோ அவன் வந்தே ஆகவேண்டும் என்கிறார். மெஷினில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. வேணு டீக் கிளாசோடு வாசலில் நின்றான்.

இளஞ்செழியன் கேபினைப் பார்த்தான். மெஷினைப் பார்த்தான்.

"லைன் ஓடுதே?"

"லைன வுடுங்க. இதப் பாருங்க."

டப்பா மூடிக்குள் பார்த்தவன் முகம் விழுந்துவிட்டது. முட்டை உடைந்த அன்றைக்கு முழித்தானே, அதே முழி. என்ன செய்வதென்று அவனுக்கும் தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒயர்தான். அதனால் முதலில் இருமினான், பிறகு "இன்னாங்க இவ்ளோ பொகை" என்று ஊதுவத்திகளைப் பிடுங்கி வாசலில் எறிந்தான், பிறகு மேலே இருந்த ஒயர்ப்பெட்டியைத் திறந்து, துக்க வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர்களைப்போல, நன்றாக இருக்கும் ஒயரை எல்லாம் கழற்றாமல் தடவிக்கொண்டிருந்தான்.

பெட்டிக்குள் முன்பே அறுந்து கிடந்த ஒரு நீல ஒயர், மயிரிழை மாதிரி, தொங்கியது. அவன் கை பட்டு அதன் நுனி மெஷினுக்கு மேல் துடித்தது.

லோக்கல் தலையைத் தூக்கியது.

"ஆட்டாதீங்க... இல்ல, ஆட்டுங்க! ஆட்டுங்க!" என்று கத்தினாள் மணிமொழி.

அவன் ஆட்டினான். லோக்கலின் வால் நுனி மெல்ல நெளிந்தது. முன்காலை ஒரு எட்டு வைத்தது. அடுத்த நொடி ஒரே பாய்ச்சலில் ஒயரைக் கவ்விக்கொண்டு தொங்கியது! துப்பிவிட்டுக் கீழே விழுந்தது, கோபமாக மறுபடி ஒயரை முறைத்தது.

"அடியே! இதுக்குப் பசிக்குதுடி!" என்று மணிமொழி தன்னையே அதட்டிக்கொண்டாள். எல்லாம் அவளுக்கு அப்போதுதான் பிடிபட்டது. ஓடுகிறது, துடிக்கிறது, அதுதான் இதற்குச் சாப்பாடு. இறக்கையைக் கிள்ளிக் குளிப்பாட்டி இலையில் படுக்க வைத்தால் அது இதன் கண்ணுக்கு உளுத்தம் பருப்புதான். ஓடி வந்து மாட்ட வேண்டிய பூச்சியை எல்லாம் பக்தி முற்றிப் புகை போட்டு விரட்டியாகிவிட்டது. மலையும் தண்டிக்கவில்லை, ஒன்றும் தண்டிக்கவில்லை. விருந்தாளியைப் பட்டினி போட்டது விருந்து வைத்தவர்கள்தான்.

"வேணு அண்ணா, பூச்சி! ஓடு!"

வேணு டீக் கிளாசைக் கொட்டிவிட்டு ஓடினான். அவன் கடை விளக்கடியில் தாவிக் குதித்துத் துண்டை வீசியதைப் பார்த்து, டீக்கு நின்றவர்கள் அவனுக்குச் சாமி வந்துவிட்டது என்று ஒதுங்கி நின்றார்கள். ஒரு சின்ன விட்டில் பூச்சியைப் பொத்திக்கொண்டு வந்தான். பொத்திய வேகத்தில் அது செத்துவிட்டிருந்தது. பரவாயில்லை என்று இளஞ்செழியன் அதை நீல ஒயரின் நுனியில் முடிந்தான். அவ்வளவு பெரிய விரல்கள் அவ்வளவு சின்ன முடிச்சை எப்படிப் போட்டன என்று மணிமொழி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவன் ஒயரை ஆட்ட, விட்டில் துடித்தது. லோக்கல் பார்த்தது. வேணு மூச்சைப் பிடித்துக்கொண்டான். கேபினுக்குள் குருக்கள், "ஒரு நிமிஷம் இருடா, இங்கே ஏதோ நடக்கறது" என்று ரிசீவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணாடியில் மூக்கை அழுத்தினார்.

பாய்ச்சல். கவ்வல். இந்த முறை துப்பவில்லை.

வேணு போட்ட விசில் ஆசிரமம் வரைக்கும் கேட்டிருக்கும். குருக்கள் கண்ணாடிக்குள்ளிருந்தே கைகூப்பினார். மணிமொழிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே சமயத்தில் வந்து, இரண்டுக்கும் வழி விடத் தெரியாமல் விக்கல் வந்தது. சந்தோஷமென்றால் அப்படிச் சந்தோஷம், அந்தக் கணத்தில் யாராவது கேட்டிருந்தால் பூத்தையே எழுதிக் கொடுத்திருப்பாள். வேணு இன்னொரு பூச்சி பிடிக்கக் கடைக்கு ஓடினான். குருக்கள் மறுபடி ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டார்.

இளஞ்செழியன் ஒயர்ப்பெட்டியை மூடினான். ஸ்குரூவை முடுக்கினான், தளர்த்தினான், மறுபடி முடுக்கினான்.

"எங்க வூட்ல பொண்ணு பாக்குறாங்க" என்றான் பெட்டியைப் பார்த்து.

மணிமொழியின் விக்கல் நின்றுபோனது.

"நான் வேணாம்னுட்டேன். எனக்கு ஒருத்தங்க மேல... அவங்க வாய் கொஞ்சம் ஜாஸ்தி. ஆனா மனசு..." கேபிள் இல்லாத பேச்சு அவனுக்கு அதோடு தீர்ந்துவிட்டது. காது சிவந்துபோய், பலகையை அண்ணாந்து பார்த்தான். "அவங்க சரின்னு சொல்லுவாங்களானு தெரியல. நடக்குமா நடக்காதானு பல்லிதான் சொல்லணும்."

பல்லி மெஷினின் மேல் இருந்தது. வாயிலிருந்து விட்டிலின் இறக்கை ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அது யாருக்கும் எதுவும் சொல்கிற நிலையில் இல்லை.

இனி சொல்லமாட்டேன் என்று மலையிடம் சத்தியம் செய்தவள் குனிந்து பில் மெஷினைப் பார்த்தாள். கன்னம் கொதித்தது. காலைப் பார்க்க வந்து பஜ்ஜி தின்றுவிட்டுப் போனவர்கள் எல்லாரும் ஞாபகத்துக்கு வந்தார்கள். இவன் ஒரு நாளாவது காலைப் பார்த்தானா? தீப்பெட்டியைப் பார்த்தான். தீப்பெட்டிக்கு மேலே பார்த்தான். அவ்வளவுதான் பார்த்தான்.

அவன் காத்திருந்தான். சிவப்பு எண்கள் ஓடின. மெல்லப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, ஏணியைத் தூக்கக் குனிந்தான்.

ச்சு ச்சு ச்சு.

சத்தியமெல்லாம் பொய்க்குத்தானே? இது பொய் இல்லையே.

கேபினுக்குள் கண்ணாடி அதிர்ந்தது. டொக், டொக், டொக். "கேட்டியாடா விஸ்வநாத்! பல்லி சொல்லிடுத்து! நீ தீபத்துக்கு வர்றே! டிக்கெட்ட எடு!"

இளஞ்செழியன் ஏணியை விட்டுவிட்டு நிமிர்ந்தான். முகம் முழுக்கச் சிரிப்பு. விரல் முட்டியால் மேசையில் மெதுவாக மூன்று தட்டு தட்டினான்.

"லோக்கல் வாயிலதான் பூச்சி இருக்குதே. அப்புறம் எது சொல்லிச்சு?"

மணிமொழி தலை நிமிராமல், குருக்களின் பில்லைக் கிழிக்க ஆயத்தமானாள்.

"வாயில பூச்சி இல்லாத பல்லி சொல்லிச்சு" என்றாள். "நாளைக்கும் லைன் ரிப்பேர்தான். வர்றப்போ உங்க அம்மாவையும் கூட்டினு வாங்க. பஜ்ஜி போடச் சொல்றேன்."